பிறவி என்று போட்ட டிக்

முப்பத்தொன்று என்று கூப்பிடுகிறான். எங்கள் சீட்டு நாற்பத்து மூன்று. கூப்பிடுகிறவனுக்கு வாய் பாதிதான் திறக்கிறது, அந்த வாயில் புறங்கையால் ஒன்று வைத்தால் முழுசாகத் திறக்கும். மூன்று தடவை எழுந்து போய்க் கேட்டுவிட்டேன், மூன்று தடவையும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உக்காருங்க உக்காருங்க என்கிறான். என் பஸ்ஸில் இவன் ஏறட்டும், படியில் ஒரு கால் வைத்ததும் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், உட்காருவது என்றால் என்ன என்று அப்போது தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தனியார் பஸ் ஓட்டுகிறேன், பால்பாண்டி வருகிறான் என்றால் முன்னால் போகிற வண்டி தானாக ஒதுங்கும், ஆனால் இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் பாதி இடம் கிடைக்க அரை மணி நேரம் சுவரோடு நின்றேன். பக்கத்தில் என் மகள் தர்ஷினி. பத்தொன்பது வயது. வலது கையை மடியில் துப்பட்டாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள், எங்கே போனாலும் அது அடியில்தான் இருக்கும். இடது கையில் ஃபைல். ஃபைலுக்குள் விண்ணப்பம். விண்ணப்பத்தில் குறைபாட்டின் பெயர் என்று ஒரு கட்டம், அதில் கிளா ஹேண்ட் என்று எழுதினேன். அதற்குக் கீழே காரணம் என்று போட்டு நான்கு சின்னக் கட்டங்கள், பிறவி, நோய், விபத்து, பிற. நான் பிறவியில் டிக் போட்டேன். நேற்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து போட்டேன், முதல் தடவை பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடியும் போட்டேன், அழுத்திப் போட்டதில் தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டது. அவள் பார்த்தாளா? காலையில் ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள், அந்தத் தாளில் கொஞ்சம் நின்றாள், பிறகு மூடினாள். குரூப் ஃபோர் எழுதியிருக்கிறாள், மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் பெயர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழை ஏற்ற வேண்டும், டாக்டர்கள் போர்டு உட்காருவது புதன்கிழமை மட்டும். இன்று புதன். இன்று விட்டால் வேலை போயிற்று. ஒரு சீலும் ஒரு கையெழுத்தும்தான் வேண்டும்.

கிளா ஹேண்ட். அந்தப் பெயர் எனக்குக் கிடைத்தது அவளுக்குப் பத்து வயதில். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று ஒரு டாக்டரிடம் போனேன், அவசரத்தில் இருந்தார், கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரன்தான் படித்துச் சொன்னான், கிளா ஹேண்ட்ணே, கழுகோட கால் இருக்குல்ல, அது மாதிரி விரல் மடங்கின கைன்னு அர்த்தம். கழுகுக்கால் என்றதும் அவன் சட்டையைப் பிடித்து அந்தக் கண்ணாடி அலமாரி மேலேயே தள்ளலாம் என்று வந்தது, என் பிள்ளையின் கை உனக்குக் கழுகுக்காலா என்று. தள்ளவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தபோது அந்தப் பெயரை வாய்க்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லப் பிடித்துப் போயிற்று. ஏனென்றால் அதற்குள் ஆள் இல்லை. கை மடங்கிருச்சு என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிஷம் எப்படி என்று கேட்பார்கள். ஒடிஞ்சிருச்சு என்றால் யாரு என்றே கேட்பார்கள். கிளா ஹேண்ட் என்றால் ஓஹோ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஏதோ பெரிய வியாதி, பெரிய ஆஸ்பத்திரிச் சமாசாரம் என்று. கல்யாண வீட்டில் சொன்னேன், ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னேன், மஞ்சள் நீராட்டுக்கு வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னேன், பாப்பாவுக்கு கிளா ஹேண்ட், பிறந்ததுலருந்தே. பிறந்ததிலிருந்தே என்பதை யார் சேர்த்தது? நான்தான். முதலில் ஒரு தடவை வாய் தவறி வந்தது, பிறகு அது பாட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டது. பேச்சி, என் பெண்டாட்டி, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா? பெற்றபோது பத்து விரலையும் விரித்து எண்ணி முத்தம் கொடுத்தவள். ஒரு தடவையும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அன்றைக்கே பல்லைத் தட்டியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

முப்பத்து நான்கு. ஒரு கிழவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள், ஒற்றைக் கால், மற்றது சர்க்கரையில் போயிருக்கும். ஃபினாயில் நாற்றம் தொண்டையைக் கரிக்கிறது. தர்ஷினிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, வந்ததிலிருந்து துப்பட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது கேட்டேவிட்டாள்.

"கையில என்னம்மா?"

"பிறவி" என்றேன் நான்.

"நான் பாப்பாட்டல்ல கேட்டேன்."

"நான் அவ அப்பன். என்ட்ட கேட்டா என்ன, அவட்ட கேட்டா என்ன?"

"கோவப்படாதீங்கண்ணே. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அதான் கேட்டேன்."

தர்ஷினி இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் சொட்டு மருந்து விளம்பரம் ஒட்டியிருக்கிறது, அதைப் படிக்கிறாள். என்ன நினைக்கிறாள் இவள்? என் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே எவன் தகராறு பண்ணுவான் என்று சொல்லிவிடுவேன், எனக்குப் பிறந்தவள் என்ன நினைக்கிறாள் என்று பன்னிரண்டு வருஷமாகத் தெரியவில்லை. ஏழு வயதில் நடந்தது பத்தொன்பதில் ஞாபகம் இருக்குமா? எனக்கு ஏழு வயதில் நடந்தது என்ன ஞாபகம் இருக்கிறது? என் அப்பன் சாட்டைக் கம்பை ஈரமாக்கி வைப்பது ஞாபகம் இருக்கிறது. ஈரமானால் முறியாது. அப்படியென்றால் இருக்கும். இவளுக்கும் எல்லாம் இருக்கும். இந்தப் பெஞ்சில் என் தோளோடு தோள் உரசிக்கொண்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு சொட்டு மருந்து விளம்பரம் படிக்கிறாள். இன்றைக்கு உள்ளே போனதும் சொல்லிவிடுவாளோ என்னவோ. சொல்லட்டுமே. என்ன செய்துவிடுவார்கள்? பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தினதற்கு இப்போது போலீஸ் வருமா? வந்தால் லைசென்ஸ் போகுமா? சொல்லித்தான் பார்க்கட்டுமே, வாயைக் கிழித்து... இல்லை. அப்படி இல்லை. இவளைத் தொட்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்றோடு விட்டது. ஒரு விரல் நுனிகூட இவள் மேல் படவில்லை, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைக்கிறேன். பேச்சியை அடித்திருக்கிறேன், அது வேறு கணக்கு. இவளைத் தொடவில்லை.

அன்றைக்கும் நான் இவளை அடிக்கவில்லை. அதுதான் யாருக்கும் புரியாது. விழுந்தாள். சரி, விழவில்லை, நான் இழுத்தேன், இழுத்ததில் விழுந்தாள். எல்லாம் அந்த ராஜபாளையத்துக்காரனால் வந்தது, எதிர் கம்பெனி வண்டி டிரைவர், நாலு நிமிஷம் என் டைமைத் தின்றான். ஸ்டாண்டில் இறங்கிக் கேட்கப் போனேன், கேட்ட வாய்க்கு அறைந்தான். அத்தனை பயணிகள், பூக்காரி, சோடாக்காரன், என் கண்டக்டர், எல்லோரும் பார்த்தார்கள். நான் திருப்பி அடிப்பதற்குள் பிடித்துக்கொண்டார்கள். அந்த அறையை அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை மத்தியானம். சோறு வடிக்கவில்லை. ஏன் வடிக்கவில்லை என்று கேட்டேன், கேஸ் தீந்துருச்சு, வெறகடுப்புல வச்சிருக்கேன், செத்த பொறுங்க என்றாள் பேச்சி. செத்த பொறு. பெல்ட்டை உருவினேன். முதல் அடி முதுகில், இரண்டாவது தோளில், மூன்றாவதுக்கு அவள் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள், ஒட்டிக்கொண்டால் எனக்கு இன்னும் ஏறும், ஏன் ஏறுகிறது என்று தெரியாது, அந்த ஒடுங்குகிற உடம்பைப் பார்த்தாலே கை தானாகப் போகும், அடிக்க அடிக்க ஸ்டாண்டில் வாங்கினது இறங்கிக்கொண்டே வரும். எத்தனை என்று தெரியாது. பெல்ட்டைப் பின்னுக்கு ஓங்கினேன், வரவில்லை. திரும்பினால் இவள். ஏழு வயது, பள்ளிக்கூடத்து பினஃபோர், பெல்ட்டின் நுனியைப் பிடித்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். விடு என்றேன். அம்மாவ அடிக்காதப்பா. விடுடீ. மாட்டேன். கால் தரையில் இழுபட இழுபடத் தொங்குகிறாள், விடமாட்டேன் என்கிறாள். பெரிய பெரிய ஆம்பளைகள் என்னைப் பார்த்து ஒதுங்குகிறார்கள், இது ஒரு விரற்கடை, மாட்டேன் என்கிறது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பெல்ட்டை எடுக்கத்தான் பிடித்தேன். விரலைப் பிரிக்கத்தான் திருப்பினேன். திருப்பினேன் என்றால், முறுக்கினேன். முறுக்கி ஒரு உதறு. வாசல் நிலையில் போய் முழங்கை மோதியது. முருங்கைக் கொப்பு ஒடிகிற சத்தம், அவ்வளவுதான், பெரிய சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகும் அவள் கையில் பெல்ட் இருந்தது.

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு இல்லையாம், வெளியே டீ குடிக்கப் போயிருக்கிறார்களாம், முப்பத்தொன்பது. ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போயிருக்கலாம், இதே ஆஸ்பத்திரி, இதே வராந்தா. எப்படி ஒடிந்தது என்று கேட்டு எழுதுவார்கள், எழுதினதைக் கீழே இருக்கிற போலீஸ்காரனிடம் கொடுப்பார்கள். அதனால் ஆட்டோவில் போட்டுக்கொண்டு சடையாண்டி வைத்தியர் வீட்டுக்குப் போனேன், எங்கள் பக்கத்தில் எலும்பு ஒடிந்தால் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் போவார்கள், என் கண்டக்டரின் கால் அவர் கட்டி நடக்கிறதுதான். தகரக் கொட்டகையில் ஐந்தாறு பேர் கட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். இவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழவில்லை, உதடு வெளுத்திருந்தது. எப்படிய்யா ஆச்சு என்றார் வைத்தியர். மரத்துலருந்து விழுந்துட்டா என்றேன். இவள் என் மடியில் இருந்துகொண்டே, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே, இல்ல தாத்தா, அப்பா முறுக்குனாரு என்றாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். ஸ்டாண்டில் பார்த்த மாதிரியே. அன்றைக்கு எனக்கு இரண்டாவது அறை. வைத்தியர் உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துத் தடவி, மூங்கில் தப்பை வைத்து, துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். எழுந்தபோது சொன்னார், மூணாம் நாளு கண்டிப்பா கொண்டாந்து காட்டு, நான் அவுத்துத் திரும்பக் கட்டணும், அதுக்கு முந்தி விரலு வீங்குனாலோ நெறம் மாறுனாலோ அன்னிக்கே வந்துரு. அதோடு விட்டிருக்கலாம். வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார், நீ வர வேண்டாம், ஆத்தாட்ட குடுத்து விடு.

ஆத்தாட்ட குடுத்து விடு. நீ வர வேண்டாம். அத்தனை பேர் முன்னாடி. வீட்டுக்கு வந்ததும் பேச்சியிடம் சொன்னேன், அந்தக் கொட்டகைப் பக்கம் எவளாவது போனா காலை வாங்கிருவேன். மூன்றாம் நாள் நான் போகவில்லை, அவளையும் விடவில்லை. ஒன்பதாம் நாள் பிரித்தால் போதும், எல்லாக் கட்டும் அப்படித்தான் என்று நானே சொன்னேன். இரண்டாம் நாளே விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கத்தினாள். சும்மாக் கத்தல் இல்லை, தெருவே கேட்கிற கத்தல், எறும்பு கடிக்குதுப்பா, எறும்பு கடிக்குதுப்பா, அவுத்து விடுப்பா. கட்டை அவிழ்த்தால் எலும்பு கூடாது என்றேன். பேச்சி காலில் விழுந்தாள், விழுந்தவளை அதே காலால் எத்தினேன். தெருவில் எல்லோருக்கும் கேட்குமே, கேட்டால் வருவார்களே, வந்தால் இவள் மறுபடியும் சொல்லுவாளே என்று வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவள் கத்தினாள், சூடாக இருந்தது. மூன்றாம் நாள் அன்று வண்டி எடுத்துக்கொண்டு கொட்டகை இருக்கிற ரோட்டிலேயே ஆறு நடை போனேன் வந்தேன். ஆறு தடவையும் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் கத்துவதை நிறுத்தினாள். எறும்பு போயிருச்சாம்மா என்று கேட்டேன். கையே இல்லப்பா என்றாள். எனக்குச் சந்தோஷம், வலி விட்டுவிட்டது, பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, நான் சொன்னேன்ல என்று பேச்சியிடம் சொன்னேன். அன்றைக்கு இவளுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தேன், இடது கையால் தின்றாள்.

பிறகு விரல் விரியவில்லை. எண்ணெய் போட்டோம், ஒத்தடம் கொடுத்தோம், விரியவில்லை. ஆறு மாதம் கழித்துக் கொட்டகைக்குப் போனேன், அன்றைக்குக் குடித்திருந்தேன். எண்ணெய்ச் சட்டிகளை மிதித்து உடைத்தேன், தப்பைக் கட்டுகளைத் தெருவில் வீசினேன், அந்தக் கிழவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி இரண்டு அறை அறைந்தேன், என் பிள்ளை கையை நாசமாக்கிட்டியேடா என்று. காதோரம் ரத்தம் வந்தது. மூணாம் நாளு வரச் சொன்னேன்ல என்றார். அவ்வளவுதான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள், ஆனால் ஊரில் பாதிப் பேர் என் பக்கம்தான் பேசினார்கள், பெத்த மனசு துடிக்குதுல்ல என்று. கிழவர் அதற்குப் பிறகு கட்டுப் போடுவதையே குறைத்துக்கொண்டார் என்று கேள்வி. நல்லதுதான். இல்லை, நல்லது இல்லை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, எதற்கு என்று தெரியாமல் இருக்கிறது. வாசல் வரை வந்து அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் நான் மூன்றாம் நாள் போயிருப்பேன். போயிருப்பேனா? இதைத்தான் பன்னிரண்டு வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தில் கொண்டுபோய் இடிக்கலாம் போல வரும், இடிக்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பேன், பயணிகள் திட்டுவார்கள்.

நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று இருக்கா இல்லையா என்று கத்துகிறான், இருக்கிறோம்டா, இருக்கிறோம். தர்ஷினி எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். காலையில் பேச்சி அவளுக்கு இறுக்கிப் பின்னிவிட்ட சடை முதுகில் ஆடுகிறது, ஒரு கையால் சடை பின்ன முடியாது, அதற்கு மட்டும் அவள் இன்னும் அம்மாவிடம் உட்காருவாள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பொம்பளை டாக்டர், கண்ணாடி, கையில் மோதிரம் ஒன்றும் இல்லை. சுற்றி மூன்று படிக்கிற பிள்ளைகள், வெள்ளைக் கோட்டு, இவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். டாக்டர் ஃபைலைப் பார்த்தாள், பிறகு வாம்மா என்று இவள் கையைத் துப்பட்டாவுக்கு அடியிலிருந்து தானே எடுத்து மேசை மேல் வைத்தாள். நடுக் கூட்டத்தில் யாரோ என் வேட்டியை உருவின மாதிரி இருந்தது. மெலிந்த முன்கை, உள்பக்கம் குழி விழுந்து சதையே இல்லை, மணிக்கட்டு கீழே தொங்கி, விரல்கள் உள்ளே மடங்கி. டாக்டர் மணிக்கட்டை இன்னும் கீழே மடக்கினாள். விரல்கள் திறந்தன. பன்னிரண்டு வருஷத்தில் அந்த விரல்கள் திறந்து நான் பார்த்ததில்லை. மணிக்கட்டை மேலே தூக்கினாள், விரல்கள் உடனே மூடிக்கொண்டன. மறுபடி மடக்கினாள், திறந்தன.

"என்ன இது, சொல்லுங்க."

"கிளா ஹேண்ட் மேம்" என்றான் ஒருவன்.

எனக்கு உயிர் வந்தது. அதேதான், நான் எழுதினது.

"அது பாக்குறதுக்கு எப்படி இருக்குன்னு சொல்ற பேரு. தொழுநோய்ல மடங்குனாலும் கிளாதான், நரம்பு அறுந்து மடங்குனாலும் கிளாதான். அந்தப் பேர வச்சுக்கிட்டு நமக்கு ஒண்ணும் தெரியாது. ஏன் இப்படி ஆச்சு? அதுக்கு ஒரு பேரு இருக்கு."

மூன்றாவதாக நின்ற பெண் பிள்ளை மெதுவாகச் சொன்னாள், வோக்மன்ஸ் கான்ட்ராக்சர் மேம். அப்படி ஒரு ஜெர்மன் டாக்டராம், அவர் பெயராம். எலும்பு ஒடிந்து கட்டு இறுகினால் உள்ளே ரத்தம் ஓடாதாம், சதை செத்து நார் மாதிரி சுருங்கி விரலை இழுத்துக்கொள்ளுமாம். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டாள் டாக்டர். ஆறு மணி நேரத்துலருந்தே ஆரம்பிச்சுரும் மேம் என்றாள். ஆறு மணி நேரம்! மூன்றாம் நாள் இல்லை, ஆறு மணி நேரம், அப்படியென்றால் மூன்றாம் நாள் போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, என் மேல் தப்பே இல்லை, கிழவன்தான், கிழவனின் கட்டுதான், பன்னிரண்டு வருஷமாக வீணாக... அந்த இடத்திலேயே கையைத் தட்டிச் சிரிக்கலாம் போல வந்தது. டாக்டர் தலையை ஆட்டினாள்.

"அது ஆரம்பம். ஆனா பிள்ளை கத்தும். வலிக்குதுன்னு கத்துற வரைக்கும் உள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு யாராச்சும் கட்டைத் தளர்த்தியிருந்தா கொஞ்சமாச்சும் மிஞ்சும். கத்துறது நின்னதுக்கு அப்புறம்தான் ஒண்ணும் மிஞ்சாது."

ஜிலேபி தின்றாள். இடது கையால் தின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூடின வாய் இல்லை அது, நான் மூடினது. டாக்டரின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல் இருந்தது, இதை எதற்கு இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். அவள் இப்போது என் டிக்கைப் பார்க்கிறாள்.

"பிறவின்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"இது பிறவியில வராது. தப்பான காரணத்துக்குக் கீழ நான் கையெழுத்துப் போட முடியாது. எப்படி ஒடிஞ்சுதுன்னு தெரியணும். தெரியலன்னா விசாரணைக்கு எழுதணும், அடுத்த புதன்கிழமை வாங்க."

"வெள்ளிக்கிழமை கடைசி மேடம்" என்றாள் தர்ஷினி. முதல் தடவையாக வாயைத் திறந்தாள். குரல் உடையவில்லை.

"அப்ப சொல்லுங்க. எப்படி ஒடிஞ்சுது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். தர்ஷினியும் என்னைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள், எப்போது கடைசியாக என்னை இப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. கோபம் ஒன்றும் இல்லை அதில். கேட்கிற பார்வைதான், பஸ்ஸில் நிறுத்தம் வந்துவிட்டதா என்று ஏறிட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. இவள் சொல்லப்போவதில்லை. சொல்கிறதாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள். என்னை விட்டுவைத்திருக்கிறாள், நான் சொல்வேனா என்று பார்க்க. சொல்லு பால்பாண்டி, வேலை போகிறது, சொல்லு. நான்தான் மேடம். இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"விழுந்துட்டா மேடம். சின்னப் பிள்ளையில. கொய்யா மரத்துலருந்து. மறந்து போய் மாத்தி டிக் போட்டுட்டேன்."

தர்ஷினி கண்ணை எடுத்து மேசையைப் பார்த்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா, மரமா என்றாள். இவள் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை, படிக்கிற பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சொல்லித் தொலையேன் கழுதை, ஆமான்னு ஒரு வார்த்தை, உனக்குத்தானே வேலை, உனக்குத்தானே. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணை இறுக்கி, தலையைத் தோளுக்குள் இழுத்து, அந்தக் கையை, மடங்கின அந்த வலது கையை, முகத்துக்குக் குறுக்கே தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனாள். நாற்காலி தரையில் கீறியது. ஒரு நொடிதான். பிறகு கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்து, கையை மெல்ல இறக்கித் துப்பட்டாவுக்கு அடியில் வைத்தாள். அந்தப் பெண் பிள்ளை, பெயர் சொன்னவள், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மேலேதான் இருந்தது.

"வேர்வை" என்றேன். "வேர்வைம்மா. தொடைக்கத்தான்."

டாக்டர் என் டிக் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினாள், எனக்கு அது படிக்க வராது. தாளைத் தர்ஷினி பக்கம் திருப்பி, படிச்சுப் பாரும்மா, சரியா என்றாள். தர்ஷினி படித்தாள், நேரம் எடுத்துப் படித்தாள், சரி மேடம் என்றாள். பதினெட்டு முடிஞ்சுதுல்ல, அப்ப அப்பா கையெழுத்து வேண்டாம், நீயே போடு என்றாள் டாக்டர். இடது கையால் போட்டாள், முழுப் பெயரையும் போட்டாள், பிசிறில்லாமல் போட்டாள். சீல் விழுந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று நான் அவளிடம் கேட்கப்போவதில்லை, அவள் சொல்லப்போவதும் இல்லை. டாக்டர் அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டாள், என்னிடம் அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினேன். பொய். இன்னொரு தடவை கேட்டிருந்தாலும் கொய்யா மரம் என்றுதான் சொல்லியிருப்பேன்.